மணியில் தொடங்கட்டும் ஆங்கிலம்

நாய்ப் பூங்காவைப் பற்றிய ஓர் ஆரம்பநிலை ஆங்கிலப் பாடம், பூங்காவே இல்லாத ஒடுகத்தூரில் எப்படிப் பயன்படும்?

கனடாவுக்கோ அமெரிக்காவுக்கோ புதிதாகப் போய்ச் சேர்ந்தவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் வகுப்புகளில் வரும் பாடங்களில் ஒன்று, நாய்ப் பூங்காவுக்குப் போவது. வேலி போட்ட மைதானம். ஒருவர் தன் நாயோடு உள்ளே வருகிறார். ஏற்கெனவே நிற்கும் இன்னொருவர் பேச்சுக் கொடுக்கிறார். 'வாட்ஸ் ஹிஸ் நேம்?', 'ஹவ் ஓல்ட் இஸ் ஹி?', 'இஸ் ஹி ஃப்ரெண்ட்லி?' நாலைந்து சின்னக் கேள்விகள், நாலைந்து சின்னப் பதில்கள். பாடம் அவ்வளவுதான். டொரண்டோவின் ஸ்கார்பரோவில் குடியேறிய யாழ்ப்பாணத்து அம்மா ஒருவருக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் கிடையாது. மறுநாள் காலையில் அவர் நடக்கப்போகும் பூங்காவிலேயே அந்த நாய் நிற்கும். படித்த கேள்வியை அங்கேயே கேட்டுவிடலாம்.

அதே பாடம் ஓர் எழுத்தும் மாறாமல் ஒடுகத்தூருக்கு வந்தால் என்ன ஆகும்?

வேலூர் மாவட்டம், அணைக்கட்டு தாலுகாவில் ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் இருக்கும் பேரூராட்சி ஒடுகத்தூர். வெள்ளிக்கிழமை கூடும் ஆட்டுச் சந்தைக்குப் பெயர் போன ஊர். ஊரைத் தாண்டினால் வனச்சரகம். அதற்குமேல் பீஞ்சமந்தை முதலிய மலைக் கிராமங்கள். இங்கே நாய்ப் பூங்கா கிடையாது. ஆனால் நாய் இல்லாத தெரு ஒன்றைக்கூடக் காட்ட முடியாது. டீக்கடை பெஞ்சுக்கு அடியில், பஸ் ஸ்டாண்டு நிழலில், கறிக்கடை வாசலில், ஆட்டுப் பட்டியின் ஓரத்தில் என்று எங்கும் நாய்தான். இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு நாயைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அனுபவமாகத் தெரியும். தெரியாதது பூங்காதான். பாடமோ பூங்காவில் தொடங்குகிறது. அந்த இடத்தில்தான் ஆங்கிலம் கைநழுவிப் போகிறது.

பாடத்தைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. திருப்பிப் போடச் சொல்கிறேன். தெருவில் இருக்கும் மணி என்ற நாயில் தொடங்கி, பூங்காவில் போய் முடியட்டும். அப்படிச் செய்தால் ஆங்கிலமும் வரும். நாய்க்கடியிலிருந்து ஒரு பிள்ளையின் உயிரும் தப்பும்.

வேலிக்குள் ஓர் ஒழுங்கு

நாய்ப் பூங்கா என்ற ஏற்பாடு அப்படியொன்றும் பழையது இல்லை. அமெரிக்காவில் கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில் 1979-ல் தொடங்கிய ஓலோன் பூங்காவைத்தான் முன்னோடியாகச் சொல்வார்கள். நகரத்தில் நாயைக் கயிற்றோடுதான் வெளியே கூட்டிவர வேண்டும் என்று சட்டம் இறுகிய பிறகு, கயிறில்லாமல் ஓடி விளையாட அதற்கென ஓர் இடம் தேவைப்பட்டது. அந்தத் தேவையில் பிறந்தது இது.

அதன் அமைப்பைப் புரிந்துகொண்டால், பாடத்தில் வரும் வாக்கியங்கள் தானாகப் புரியும். நுழைவாயிலில் இரண்டு கதவுகள் இருக்கும். முதல் கதவைத் திறந்து உள்ளே போய், அதைச் சாத்திவிட்டு, நாயின் கயிற்றை அவிழ்த்த பிறகே இரண்டாவது கதவைத் திறக்க வேண்டும். எந்த நாயும் தெருவுக்கு ஓடிவிடாதபடி செய்த ஏற்பாடு. பெரிய நாய்களுக்கும் சிறிய நாய்களுக்கும் பெரும்பாலும் தனித்தனி இடம். தடுப்பூசி போடாத குட்டிக்கும் பருவத்துக்கு வந்திருக்கும் பெட்டை நாய்க்கும் அனுமதி இல்லை. நாய் அசிங்கம் செய்தால் கூட்டிவந்தவர்தான் பையில் அள்ளிக் குப்பைத் தொட்டியில் போட வேண்டும். அடுத்தவர் நாயைத் தொடுவதற்கு முன்னால் கேட்க வேண்டும்: 'கேன் ஐ பெட் யுவர் டாக்?'

நம் பக்கத்திலும் முயற்சி நடந்திருக்கிறது. ஹைதராபாத் மாநகராட்சி 2018-ல் கொண்டாப்பூரில், குப்பை கொட்டிக் கிடந்த 1.3 ஏக்கர் நிலத்தை, ஏறத்தாழ 1.1 கோடி ரூபாய் செலவில் நாய்ப் பூங்காவாக மாற்றியது. நடைபாதை, பயிற்சிக் கருவிகள், நாய்கள் நனைந்து விளையாடச் சிறு குளம் என்று திட்டமிட்டுக் கட்டிய இடம் அது.

அந்த ஒழுங்கு இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதைச் சென்னை பார்த்தது. 2024 மே 5 அன்று இரவு, நுங்கம்பாக்கம் மாடல் ஸ்கூல் சாலையில் உள்ள மாநகராட்சிப் பூங்காவில் 5 வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர் நாய்கள் கடித்துக் குதறின. பூங்காவின் காவலாளியுடைய மகள் அவள். பிள்ளைகள் விளையாடும் இடத்தில், கயிறும் வாய்மூடியும் இல்லாமல் வளர்ப்பு நாய்கள் திரிந்ததன் விளைவு. வளர்ப்பு நாய்க்கு உரிமம், வெளியே வந்தால் கயிறு, வாய்மூடி என்று மாநகராட்சி கெடுபிடி காட்டத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். நாய்ப் பூங்காப் பாடத்தில் வரும் ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் இப்படி ஒரு காரணம் இருக்கிறது.

நாயை மதித்த சீமை

ஒடுகத்தூர் அடங்கிய பழைய வட ஆற்காட்டுச் சீமைக்கு நாய் புதிய விருந்தாளி இல்லை. செங்கம் பக்கம் எடுத்தனூரில், முதலாம் மகேந்திரவர்மப் பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த நடுகல் ஒன்று இருக்கிறது. வீரன் கருந்தேவகத்திக்கு எடுத்த கல் அது. அவனோடு அவன் நாயும் அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. நாயின் பெயர் கோவிவன். இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்றதைக் கல்வெட்டு சொல்கிறது. ஏழாம் நூற்றாண்டில் ஒரு நாயின் பெயரைக் கல்லில் வெட்டி வைத்த மண் இது.

இன்றும் மலையடிவாரத்தில் ஆடு மேய்ப்பவர்களுக்கு நாய்தான் துணை. காட்டு ஓரத்துப் பட்டியில் ராத்திரி என்ன நடமாடினாலும் முதலில் குரல் கொடுப்பது அதுதான். சந்தையில் கைமாறும் ஆட்டின் கறி கடைக்குப் போகிறது. தோல், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு டேனரிகள் இருக்கும் திசையில் போகிறது. அந்த ஆட்டைச் சந்தை நாள்வரை காத்துக் கொடுத்த காவலில் நாய்க்கும் பங்கு உண்டு. மணி, டாமி, ஜிம்மி, ஜூலி, டைகர் என்று பெயரில்லாமல் எந்த நாயும் தெருவில் வளர்வதில்லை. டாமியும் ஜிம்மியும் டைகரும் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே கற்றுக்கொண்ட ஆங்கிலப் பெயர்கள்.

இந்தப் பாசத்துக்கு அருகிலேயே பயமும் இருக்கிறது. 2024-ல் நாடு முழுவதும் 37 லட்சத்துக்கு மேற்பட்ட நாய்க்கடிகள் பதிவாயின. தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 4.8 லட்சம். வெறிநாய்க்கடியால் உலகில் ஆண்டுக்கு 59,000 பேர் இறப்பதாகவும் அதில் மூன்றில் ஒரு பங்கு இந்தியாவில் நிகழ்வதாகவும் உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. கடிபடுகிறவர்களில் நூற்றுக்கு 40 பேர் 15 வயதுக்கு உட்பட்டவர்கள். உச்ச நீதிமன்றம்வரை விவகாரம் போயிருக்கிறது. கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்த நாய்களைப் பிடித்த இடத்திலேயே விடலாம், வெறி பிடித்தவற்றையும் மூர்க்கமானவற்றையும் விடக்கூடாது என்று 2025 ஆகஸ்ட் 22-ல் மூன்று நீதிபதிகள் அமர்வு சொன்னது. அதே ஆண்டு நவம்பர் 7-ல், பள்ளிகள், மருத்துவமனைகள், பஸ் நிலையங்கள், ரயில் நிலையங்கள் ஆகியவற்றின் வளாகங்களுக்குள் தெருநாய்கள் இருக்கக் கூடாது என்று உத்தரவிட்டது.

பள்ளி வளாகத்துக்கு வேலி போடலாம். வீட்டிலிருந்து பள்ளிவரை நடந்துவரும் பாதைக்கு யார் வேலி போடுவது? அந்தப் பாதையில் பிள்ளைக்குத் துணை அதன் அறிவுதான். அந்த அறிவை ஆங்கில வகுப்பிலேயே கொடுத்துவிடலாம் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

ஷூ கம்பெனி கற்றுக்கொடுத்த ஆங்கிலம்

'எங்களுக்கு இங்கிலீஷ் எங்கே வரப்போகிறது' என்பது இந்தப் பக்கத்தில் அடிக்கடி காதில் விழும் பேச்சு. அது உண்மை இல்லை. அதற்கான ஆதாரம் ஆம்பூர்ப் பக்கத்து ஷூ கம்பெனிகளில் இருக்கிறது.

விடிகாலையில் கம்பெனி பஸ் ஏறி வேலைக்குப் போகும் பெண்களைக் கவனியுங்கள். கட்டிங், ஸ்டிச்சிங், லாஸ்ட்டிங், ஃபினிஷிங், பேக்கிங் என்று பிரிவுகளின் பெயரைச் சரளமாகச் சொல்வார்கள். அப்பர் எது, சோல் எது, லைனிங் எது என்று தொட்டுக் காட்டுவார்கள். டார்கெட், ஷிஃப்ட், ஓவர்டைம், ரிஜெக்ட் என்ற சொற்களின் பொருளை எந்த அகராதியும் அவர்களுக்குச் சொல்லித்தரவில்லை. கையில் தோல் இருந்தது, எதிரே மெஷின் ஓடியது, பக்கத்தில் இருந்தவர் சொன்னார், மனதில் நின்றுவிட்டது. எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியாதவர்கூட அந்தச் சொற்களைத் தவறாகப் பயன்படுத்துவதில்லை.

சொல்லும் பொருளும் செயலும் ஒரே நேரத்தில் வந்தால் மொழி ஒட்டிக்கொள்ளும். வேலை செய்யும் இடத்தில் அம்மாவுக்கு நடந்தது, வகுப்பில் பிள்ளைக்கு நடக்காமல் போவதற்குக் காரணம், வகுப்பில் சொல் மட்டும் வருகிறது. பொருளும் செயலும் வருவதில்லை.

நம் மண்ணில் நடந்த இரண்டு சோதனைகள்

இந்த உண்மையைக் கண்டுபிடிக்க நாம் வெளிநாடு போக வேண்டியதில்லை. ஆங்கிலம் கற்பிக்கும் முறை பற்றிய உலக அளவிலான இரண்டு பெரிய முயற்சிகள் நம் மண்ணிலேயே நடந்திருக்கின்றன.

முதலாவது, 1950-களின் கடைசியில் மெட்ராஸ் மாநிலத்தில் நடந்தது. ஆரம்பநிலை ஆங்கிலம் கற்பிக்கும் 27,000 ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி கொடுக்கத் திட்டமிட்டார்கள். முதலில் ஒரு சிறு குழு பயிற்சி பெறும். அவர்கள் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். அவர்கள் இன்னும் பலருக்கு. உருள உருளப் பெருகும் என்பதால் அதற்கு 'மெட்ராஸ் ஸ்னோபால்' என்று பெயர் வந்தது. வாக்கிய அமைப்புகளை எளிதிலிருந்து கடினத்துக்கு வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றாகப் பழக்கும் முறை அது. அமைப்பு மனப்பாடமானது. ஆனால் வகுப்பில் சரியாகச் சொன்ன பிள்ளை, வெளியே தேவைப்படும்போது அதைப் பேசத் தடுமாறியது.

அந்தத் தடுமாற்றத்தைக் கவனித்தவர் என்.எஸ்.பிரபு. மெட்ராஸ் பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றியவர். 1979 முதல் 1984 வரை, பெங்களூரை மையமாக வைத்துச் சாதாரணப் பள்ளிகளில் அவர் நடத்திய சோதனை, மொழிக் கல்வித் துறையில் 'பெங்களூரு ப்ராஜெக்ட்' என்று புகழ்பெற்றது. மெட்ராஸ், கடலூர் பள்ளிகளும் அதில் இருந்தன. இலக்கணத்தை வரிசையாகச் சொல்லித்தருவதை அவர் நிறுத்தினார். வகுப்பில் வேலைகளைக் கொடுத்தார். ஒரு வரைபடம், ஒரு ரயில் நேர அட்டவணை. அதிலிருந்து விடை கண்டுபிடிக்க வேண்டும். பிள்ளையின் கவனம் விடையில் இருக்கும்போது மொழியின் அமைப்பு தானாக மனதில் படியும் என்பது அவர் வாதம். 1987-ல் அதை நூலாக எழுதினார். உலகெங்கும் இன்று பேசப்படும் செயல்வழி மொழிக் கல்விக்கு அந்த நூல் ஓர் அடித்தளம்.

இதற்கு இணையாக அமெரிக்காவில் ஜேம்ஸ் ஆஷர் என்ற உளவியலாளர் வேறொன்றைக் காட்டினார். மொழி புதிதாகக் கற்பவர் முதலில் பேச வேண்டாம். கட்டளையைக் கேட்டு உடம்பால் செய்தால் போதும். 'நில்' என்றால் நிற்பது, 'உட்கார்' என்றால் உட்காருவது. கேட்டுச் செய்து பழகியவருக்கு, நேரம் வரும்போது பேச்சு தானே வரும்.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2022-ல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டமும் தொடக்க வகுப்புகளில் தமிழ், ஆங்கிலம், கணக்கு மூன்றையும் செயல்பாடுகள் வழியாகவே சொல்லித்தரச் சொல்கிறது. வழி திறந்துதான் இருக்கிறது. அதில் நம் ஊர்ப் பொருளை நிரப்ப வேண்டியது நம் வேலை.

தெருவிலிருந்து பூங்காவுக்கு

அப்படியானால் இந்தப் பாடம் எப்படி அமைய வேண்டும்?

முதல் நாள் வகுப்பில் புத்தகம் வேண்டாம். ஆசிரியர் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் செய்யட்டும். 'ஸ்டாப்', 'வாக் ஸ்லோலி', 'ஸ்டாண்ட் ஸ்டில்', 'டோன்ட் ரன்'. பிறகு பிள்ளைகள் சொல்ல, ஆசிரியர் செய்யட்டும். சிரிப்பும் சத்தமுமாக அந்த நாற்பது நிமிடமும் போகும். போகும்போதே நாயைக் கண்டால் செய்ய வேண்டியது என்ன என்பதும் உடம்பில் பதிந்துவிடும். ஏனென்றால் நாய் துரத்தும்போது ஓடினால் அது இன்னும் வேகமாகத் துரத்தும். கையைக் கட்டிக்கொண்டு, நாயின் கண்ணைப் பார்க்காமல், தன் காலைப் பார்த்தபடி அசையாமல் நின்றால் பெரும்பாலும் முகர்ந்துவிட்டுப் போய்விடும். வெளிநாட்டுப் பள்ளிகளில் இதற்கு 'பி எ ட்ரீ' என்று ஒரு பாடமே இருக்கிறது: மரமாக நில். கீழே விழுந்துவிட்டால் சுருண்டு, கழுத்தையும் காதையும் கையால் மூடிக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது வகுப்பில், ஒவ்வொரு பிள்ளையும் தன் தெரு நாயை வரையட்டும். வரைந்த பிறகு ஐந்து வாக்கியம். 'திஸ் இஸ் மணி. ஹி இஸ் பிரௌன். ஹி ஸ்லீப்ஸ் அண்டர் தி பெஞ்ச். ஹி லைக்ஸ் பிஸ்கட்ஸ். ஹி இஸ் மை ஃப்ரெண்ட்.' இந்த ஐந்தையும் எழுதும் பிள்ளை மனப்பாடம் எதையும் ஒப்பிக்கவில்லை. தனக்குத் தெரிந்த உண்மையைச் சொல்கிறது. சொல்ல விஷயம் இருப்பதால் சொல்லைத் தேடும். 'நொண்டுகிறது' என்பதற்கு ஆங்கிலத்தில் என்ன என்று கேட்டு எழுந்து வரும் பிள்ளைதான் அந்த வகுப்பின் வெற்றி.

மூன்றாவது வகுப்பு, பிரபு காட்டிய வழி. இரண்டு பிள்ளைகளிடம் ஊரின் இரண்டு வரைபடங்கள். ஒன்றில் நாய்கள் படுத்திருக்கும் இடங்கள் குறித்திருக்கும்; மற்றதில் இருக்காது. வெறும் வரைபடம் வைத்திருப்பவர் கேட்டுக் கேட்டு நிரப்ப வேண்டும். 'இஸ் தேர் எ டாக் நியர் தி பஸ் ஸ்டாண்ட்?', 'இஸ் இட் பிக் ஆர் ஸ்மால்?' விடை தெரிய வேண்டும் என்ற ஆர்வமே கேள்வியைக் கேட்க வைக்கும். பள்ளிக்கு வரப் பாதுகாப்பான பாதை எது என்று சேர்ந்து முடிவு செய்வதோடு அந்த வகுப்பு முடியலாம்.

நான்காவது வகுப்பில் நாயின் உடம்பு பேசுவதைக் கற்கலாம். வால் ஆடினாலே சிநேகம் என்று பொருள் இல்லை. உடம்பு விறைத்து, பிடரி மயிர் நட்டுக்கொண்டு, உதடு மேலேறினால் அது எச்சரிக்கை. முன்னங்காலைத் தரையில் நீட்டி, பின்பக்கத்தைத் தூக்கினால் விளையாடக் கூப்பிடுகிறது. தின்னும்போதும் தூங்கும்போதும் குட்டிக்குப் பால் கொடுக்கும்போதும் கிட்டே போகவே கூடாது. காது நுனி வெட்டியிருந்தால் அதற்குக் கருத்தடை ஆகிவிட்டது என்று அடையாளம். 'ஆங்ரி', 'ஸ்கேர்ட்', 'ஹேப்பி', 'டயர்ட்' ஆகிய நான்கு சொற்களும் இங்கே படத்தோடு வந்து சேரும்.

ஐந்தாவது வகுப்பு, கடிபட்டால் என்ன செய்வது. 'வாஷ் வித் சோப் அண்ட் வாட்டர்.' ஓடும் தண்ணீரில், சோப்புப் போட்டு, 15 நிமிடம். மஞ்சள், மிளகாய்த்தூள், சுண்ணாம்பு எதையும் வைக்கக் கூடாது. 'டெல் யுவர் மதர். டெல் யுவர் டீச்சர். கோ டு தி ஹாஸ்பிடல்.' திட்டு விழும் என்று பயந்து கடியை மறைக்கும் பிள்ளைகள் உண்டு. அந்த மௌனம் உயிரை எடுத்துவிடும். அரசு மருத்துவமனைகளில் தடுப்பூசி இலவசம். கடித்த அன்று, 3-ஆம் நாள், 7-ஆம் நாள், 28-ஆம் நாள் என்று நான்கு முறையும் தவறாமல் போட வேண்டும். தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் ஊசியும் தேவை. வெறிநாய்க்கடி நோயின் அறிகுறி தென்பட்ட பிறகு ஏறத்தாழ யாரும் பிழைப்பதில்லை. நேரத்தில் முறையாகப் போட்ட ஊசி அநேகமாகக் கைவிடுவதும் இல்லை.

இத்தனைக்கும் பிறகு, ஆறாவது வகுப்பில், நாய்ப் பூங்காப் பாடத்தைத் திறக்கலாம். இப்போது அது அந்நியமாக இருக்காது. இரண்டு கதவு ஏன் என்பது பிள்ளைக்கே புரியும். 'இஸ் ஹி ஃப்ரெண்ட்லி?' என்று ஏன் கேட்கிறார்கள் என்பதும் தெரியும். நாளைக்கு இந்தப் பிள்ளை பெங்களூருக்கோ டொரண்டோவுக்கோ போனால், அங்கே ஒரு நாயின் பக்கத்தில் நின்று ஆங்கிலத்தில் பேச்சைத் தொடங்கத் தயங்காது.

பூங்கா வேண்டுமா?

பாடத்தின் கடைசிக் கேள்வியாகப் பிள்ளைகளிடம் இதைக் கேட்கலாம்: ஒடுகத்தூருக்கு நாய்ப் பூங்கா வேண்டுமா? 'ஐ திங்க்' என்று தொடங்கி ஆளுக்கொரு கருத்துச் சொல்லட்டும்.

என் கருத்து இது. சொந்தக்காரர் கயிற்றில் பிடித்துக் கூட்டிவரும் நாய்க்குத்தான் நாய்ப் பூங்கா. ஊருக்கே சொந்தமான நாய்களை எந்த வேலியும் கொள்ளாது. அவற்றுக்கு வேண்டியது கருத்தடையும் ஆண்டுதோறும் தடுப்பூசியும். 2023-ல் ஒன்றிய அரசு வெளியிட்ட விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள் அந்தப் பொறுப்பை உள்ளாட்சி அமைப்பின் தலையில்தான் வைத்திருக்கின்றன. சந்தை முடிந்ததும் கழிவுகளை அன்றே அள்ளிவிட்டால் நாய்க்கூட்டம் அங்கே பெருகாது. பூங்கா பிறகு வரட்டும். பூங்காவின் ஒழுங்கு இப்போதே தெருவுக்கு வரலாம். கேட்டுவிட்டுத் தொடுவது, வளர்ப்பு நாயைக் கயிற்றோடு கூட்டிவருவது, அசிங்கத்தை அள்ளுவது, ஊசி போடுவது: இந்த நான்குக்கும் நிலமும் வேண்டாம், கோடி ரூபாயும் வேண்டாம்.

ஒடுகத்தூர், அணைக்கட்டு, ஆம்பூர், பேரணாம்பட்டு வட்டார ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். செப்டம்பர் 28 உலக வெறிநாய்க்கடி நோய்த் தடுப்பு நாள். அந்த வாரத்து ஆங்கில வகுப்புகளை இந்தப் பாடத்துக்குக் கொடுங்கள். பக்கத்துக் கால்நடை மருத்துவரையும் சுகாதார நிலையச் செவிலியரையும் ஒரு நாள் வகுப்புக்கு அழையுங்கள். பெற்றோர்களே, உங்கள் பிள்ளை வீட்டுக்கு வந்து 'டோன்ட் ரன்' என்று சொன்னால், உச்சரிப்பைத் திருத்தாதீர்கள். ஏன் ஓடக்கூடாது என்று கேளுங்கள். அந்தப் பதில் தமிழில் சரியாக வந்தால், ஆங்கிலப் பாடம் வெற்றி பெற்றது என்று பொருள்.